கரி காக்கும் நீரும் காற்றும்

வீட்டுக் குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவியிலும் அறைக்காற்றைத் தூய்மைப்படுத்தும் கருவியிலும் பொதுவாக இடம்பெறும் ஒரு பொருள், 'ஆக்டிவேட்டட் கார்பன்' எனப்படும் கிளர்வூட்டப்பட்ட கரி. இதன் ஆற்றலையும் எல்லையையும் அறிந்திருப்பது உடல்நலத்தையும் பணத்தையும் ஒருசேரக் காக்கும்.

தேங்காய்ச் சிரட்டை, மரம், நிலக்கரி ஆகியவற்றிலிருந்து இது தயாரிக்கப்படுகிறது. குடிநீர்க் கருவிகளில் சிரட்டைக் கரியே பெரிதும் பயன்படுகிறது. சிரட்டையை முதலில் மிகக் குறைந்த காற்றில் சுட்டுக் கரியாக்குவர். பின்னர், 800 முதல் 1,000 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அதன்மீது நீராவியைச் செலுத்துவர். நீராவி கரியின் ஒரு பகுதியை அரித்துச் சென்று, கண்ணுக்குப் புலப்படாத எண்ணற்ற நுண்துளைகளை உண்டாக்குகிறது. நல்ல கரியின் ஒரே ஒரு கிராமில் உள்ள துளைச்சுவர்களின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 1,000 சதுர மீட்டர். அதாவது, நான்கு கிரவுண்டு மனைக்கும் அதிகம்.

பஞ்சு நீரை உறிஞ்சுவதுபோல் கரி மாசுகளை உறிஞ்சுவதில்லை. மாசின் மூலக்கூறுகள் துளைச்சுவர்களில் ஒட்டிக்கொள்கின்றன. இதனையே அறிவியலார் 'பரப்புக் கவர்ச்சி' என்பர். பூச்சிக்கொல்லி எச்சம், கெட்ட வாடை, நிறம் போன்றவற்றுக்குக் காரணமான கரிமச் சேர்மங்கள் இவ்வாறு பிடிபடுகின்றன. குளோரினோ கரியுடன் வினைபுரிந்து குளோரைடாக மாறிவிடுகிறது. குளோரின் ஆர்.ஓ. சவ்வைச் சிதைக்கும் என்பதால், சவ்வுக்கு முன்னதாகவே கரி வடிகட்டியை அமைக்கின்றனர்.

ஆயினும், நீரில் கரைந்துள்ள உப்புகளையும் கடினத்தன்மையையும் கரி நீக்காது. இராஜஸ்தானில் பரவலாகக் காணப்படும் ஃபுளோரைடுக்கோ, மேற்கு வங்க நிலத்தடி நீரிலுள்ள ஆர்செனிக்குக்கோ சாதாரணக் கரி தீர்வாகாது. கிருமிகளையும் அது கொல்வதில்லை. மாறாக, நெடுநாள் தேங்கிய ஈரக்கரியில் அவை பெருகக்கூடும்.

காற்றிலும் இதே நிலைதான். 1915-இல் போர்க்களத்தில் நச்சுவாயு பயன்படுத்தப்பட்டபோது, இரஷ்ய வேதியியலார் நிக்கொலாய் செலின்ஸ்கி கரி நிரப்பிய முகமூடியை உருவாக்கினார். இன்றைய கருவிகளிலும் வண்ணப்பூச்சின் ஆவி, சமையல் வாடை முதலியவற்றைக் கரி கவர்கிறது. தில்லியின் குளிர்காலப் புகைமூட்டத்திலுள்ள நுண்துகள்களைப் பிடிப்பதோ 'ஹெப்பா' வடிகட்டி. கார்பன் மோனாக்சைடை இவ்விரண்டும் தடுக்கமாட்டா. ஆகவே, கருவி இயங்குகிறது என்னும் துணிவில் மூடிய அறையில் கணப்பு மூட்டுவது உயிருக்கே ஆபத்தாகும்.

துளைச்சுவர்களில் இடம் நிரம்பிவிட்டால் கரியின் பணி முடிந்தது. கழுவி வெயிலில் உலர்த்துவதால் அது புத்துயிர் பெறாது. நீரில் குளோரின் வாடை மீண்டும் தோன்றுவது அதற்கான ஓர் அறிகுறி. டி.டி.எஸ். மானி கரைந்த உப்பின் அளவையே காட்டும். கரியின் நிலையைக் காட்டாது.

எனவே, கருவி வாங்குமுன் வீட்டு நீரை ஆய்வகத்தில் பரிசோதித்துக்கொள்ளுங்கள். கருவியின் விலையோடு, ஆண்டுதோறும் வடிகட்டி மாற்றுவதற்கு ஆகும் செலவையும் கணக்கிடுங்கள். மாற்றிய நாளைக் கருவியின் மேலேயே குறித்து வையுங்கள். வெளியூர் சென்று திரும்பினால், முதலில் வரும் நீரைச் சில நிமிடங்கள் வெளியேற்றிய பின்னரே பருகுங்கள்.