புரொஜக்டர் வந்தால் பாடம் புரியுமா?

கல்லூரியில் படிக்கும் மகனுக்கோ மகளுக்கோ புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்திருக்கிறீர்கள். படிக்கத்தான் வாங்கினோம், ஆனால் இதை வைத்து எப்படிப் படிப்பது என்ற கேள்வி அடுத்த நாளே வந்துவிடும். கல்லூரியில் புரொஜக்டர், ஸ்மார்ட் போர்டு எல்லாம் இருக்கின்றனவே என்று நினைப்பீர்கள். அங்கேயும் இதே கேள்விதான் நிற்கிறது.

நான் ராமநாதபுரம் மாவட்டத்தில் பொறியியல் படித்தவன். எங்களுக்கு ஒரு பாடம் முழுக்க பவர்பாயிண்டில்தான் நடந்தது. விளக்கை அணைத்துவிட்டு, ஒரு மணி நேரத்தில் அறுபது ஸ்லைடுகளை வரிக்கு வரி வாசித்து முடிப்பார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இருட்டறையில் வேறென்ன நடக்கும்? பாதி வகுப்பு தூங்கிவிடும். கரும்பலகையில் எழுதும்போதாவது ஆசிரியரின் கை வேகத்திற்கு நம் கை ஈடு கொடுக்கும். மவுஸ் கிளிக்கிற்கு யார் ஈடு கொடுப்பது? தமிழ் வழியில் படித்துவிட்டு வந்த நண்பர்கள்தான் அதிகம் தவித்தார்கள். பரீட்சைக்கு முந்தைய நாள் பைலை பென் டிரைவில் வாங்கி மனப்பாடம் செய்வோம். அந்தப் பாடத்தில் பலருக்கு அரியர் விழுந்தது.

இதற்கு நேர் எதிரான ஒரு வகுப்பு ராமேஸ்வரத்தில் நடந்திருக்கிறது. அப்துல் கலாம் தம் உரைகளில் பலமுறை சொன்னதுதான். அவர் ஐந்தாம் வகுப்பில் படித்தபோது, ஆசிரியர் சிவசுப்ரமணிய அய்யர் பறவை எப்படிப் பறக்கிறது என்று கரும்பலகையில் படம் வரைந்து விளக்கினார். புரிந்ததா என்று கேட்டார். கலாம் புரியவில்லை என்றார்; மற்ற மாணவர்களும் அதையே சொன்னார்கள். அய்யர் கோபப்படவில்லை. அன்று மாலையே எல்லோரையும் கடற்கரைக்கு அழைத்துச் சென்று, பறவை சிறகடிப்பதையும் வாலைத் திருப்பித் திசை மாறுவதையும் நேரில் காட்டினார். அந்தப் பையன் பின்னாளில் சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் படித்தார். இதில் நான் கவனிப்பது கடற்கரையை அல்ல, அதற்கு முன் அய்யர் கேட்ட கேள்வியைத்தான். புரியவில்லை என்று தெரிந்த பிறகுதானே அவர் வழியை மாற்றினார்?

ஐம்பது ஆண்டுகள் கழித்து அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூர் இதே இடத்திற்கு வந்து சேர்ந்தார். அவருடைய மாணவர்கள் கடினமான கணக்குகளைப் போட்டுவிட்டார்கள். ஆனால் விசை பற்றிய எளிய கேள்விகளில் தடுமாறினார்கள். 1991 முதல் அவர் முறையை மாற்றினார். பாடத்தை முன்பே படித்துவிட்டு வர வேண்டும். வகுப்பில் ஒரு கேள்வி, சில விடைகள். ஒவ்வொருவரும் தனியாக யோசித்து ஓட்டுப் போட வேண்டும். விடைகள் பலவாறாகப் பிரிந்தால், பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் வாதாடிவிட்டு மறுபடி ஓட்டு. அதன் பிறகுதான் ஆசிரியர் விளக்குவார்.

நம்மூர்க் கேள்வி ஒன்று: 1914ல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் பாலத்தின் நடுப்பகுதியை ஊழியர்கள் கையால் இயக்க, அது இரண்டாகப் பிரிந்து மேலெழும். 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி அப்படியே செங்குத்தாக 17 மீட்டர் உயர்கிறது. இருபுறமும் எதிர் எடைகள் உள்ளன. எதிர் எடைகள் பாலத்தின் எடைக்குச் சமம் என்று வைத்துக்கொண்டால், மோட்டார் எதைச் சமாளிக்க வேண்டும்? (அ) பாலத்தின் முழு எடையை (ஆ) பாதி எடையை (இ) உராய்வையும் அசையத் தொடங்கும்போது உள்ள நிலைமத்தையும் காற்றையும் மட்டும். நண்பர்களிடம் கேட்டுப் பாருங்கள். முதலில் (அ) என்பவர்கள் நிறைய இருப்பார்கள். விடை (இ).

இந்த ஓட்டுக்கு ரிமோட் போன்ற 'கிளிக்கர்' கருவிகள் கிடைக்கின்றன. காசு செலவழிக்கத் தேவையில்லை. 2008ல் நத்தானியேல் லாஸ்ரி வெளியிட்ட ஆய்வில், கிளிக்கர் வைத்த வகுப்பிற்கும் வெறும் அட்டையைத் தூக்கிக் காட்டிய வகுப்பிற்கும் கற்றதில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. கருவி வாங்கச் சொல்லும் கல்லூரி நிர்வாகங்கள் இதைக் கொஞ்சம் படிக்கலாம்!

வீட்டுக் கம்ப்யூட்டரில் இதையே செய்திடலாம். கூகுள் பார்ம்ஸ் திறந்து, புதிய படிவத்தில் மல்டிபிள் சாய்ஸ் தேர்ந்தெடுத்துக் கேள்வியையும் விடைகளையும் டைப் செய்திடவும். லிங்க்கை நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் அனுப்பவும். ரெஸ்பான்சஸ் என்ற டேப்பில் எத்தனை பேர் எந்தப் பக்கம் என்பது வட்டப் படமாகத் தெரியும். அதன் பிறகு போனில் சண்டை போடுங்கள். படிப்பு அங்கேதான் தொடங்கும்.

முன்பே படிப்பதற்கு என்பிடெல் இருக்கிறது. ஏழு ஐ.ஐ.டி.க்களும் பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி.யும் சேர்ந்து 2003ல் தொடங்கியது. பாடங்கள் இலவசம், சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் தேர்வுக்குக் கட்டணம் செலுத்தி, மையத்திற்கு நேரில் போய் எழுத வேண்டும். ஆங்கிலம் வேகமாகத் தோன்றினால், யூடியூப் வீடியோவில் செட்டிங்ஸ் சக்கரத்தைக் கிளிக் செய்து, பிளேபேக் ஸ்பீடில் 0.75 தேர்ந்தெடுக்கவும். ஜே கீயைத் தட்டினால் பத்து வினாடி பின்னால் போகும். கே தட்டினால் நிற்கும். வகுப்பில் ஆசிரியரை இப்படி நிறுத்த முடியாது, இல்லையா?

லிப்ரே ஆபீஸ், சி போன்றவற்றைக் கற்க ஐ.ஐ.டி. பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் நல்லது. ஒவ்வொன்றும் சுமார் பத்து நிமிடம்; பலவற்றில் தமிழ்க் குரலும் உண்டு. சும்மா பார்த்துக்கொண்டிருந்தால் பயனில்லை. விண்டோஸ் கீயோடு இடது அம்புக்குறியை அழுத்தி வீடியோவைத் திரையின் ஒரு பாதியிலும், வலது அம்புக்குறியால் புரோகிராமை மறு பாதியிலும் வைக்கவும். ஒரு படி பார்த்ததும் நிறுத்திவிட்டு, அதைச் செய்து பார்த்த பிறகே அடுத்த படிக்குப் போகவும். ராமேஸ்வரம் பக்கம் சிக்னல் படுத்துகிறது என்றால், நன்றாகக் கிடைக்கும் நேரத்தில் வீடியோக்களை டவுன்லோட் செய்து வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக, கல்லூரியில் செமினார் எடுப்பவர்களுக்கு: ஸ்லைடு ஷோ ஓடும்போது கீபோர்டில் பி எழுத்தைத் தட்டினால் திரை கறுப்பாகிவிடும். மறுபடி தட்டினால் படம் வரும். முக்கியமான இடத்தில் அதைத் தட்டிவிட்டு, விளக்கைப் போடச் சொல்லி, எதிரே இருப்பவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள்.