மறியலைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

பிளேன்ரீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள். மட்டக்களப்புக் கோட்டையைச் சுற்றிப் பார்த்தவர்கள் அடுத்துக் கேட்பது, "பழைய மறியலுக்குள்ளேயும் விடுவார்களா?" என்றுதான். விடமாட்டார்கள். கோட்டையை 1628இல் போர்த்துக்கீசர் கட்டினார்கள், 1638இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். அந்தக் கணக்கெல்லாம் எப்போதோ தீர்ந்துவிட்டது. மறியற்சாலையில் இன்றைக்கும் ஆட்கள் அடைபட்டிருக்கிறார்கள்.

மூடப்பட்ட மறியல் என்றால் கண்டிப் போகம்பரையைச் சொல்லவேண்டும். வெள்ளைக்காரர் 1876இல் கட்டியது. 2014 தொடக்கத்தில் கைதிகளைப் பல்லேகலைக்கு மாற்றியபின் சனங்களை உள்ளே விட்டார்கள். எல்லோருக்கும் தூக்குமேடையைத்தான் பார்க்கவேண்டியிருந்தது. அந்த ஆசையை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அங்கே வருடக்கணக்காகக் கிடந்தவன் எதைத் தின்றான், எங்கே படுத்தான், யாருக்குக் கடிதம் எழுதினான் என்பதை அந்த மரச்சட்டம் சொல்லாது. 2020இல் கொவிட் காலத்தில் கைதிகளைத் தனிமைப்படுத்தி வைக்க அதே கட்டடத்தைத் திரும்பத் திறந்தார்கள். அந்த வருடம் நவம்பரில் தப்பப் பார்த்த ஒருவர் சுடப்பட்டு இறந்தார். அதற்கு ஆறு வருடங்களுக்கு முன் சனம் வேடிக்கை பார்த்த இடம் அது.

சனங்கள் போய்ப் பார்க்கிற இன்னொரு மறியலான அந்தமான் செல்லுலார் சிறையைப் பாருங்கள். ஒரு நடுக்கோபுரம், அதிலிருந்து சக்கரத்தின் ஆரக்கால்போல ஏழு கட்டடங்கள். ஒரு கட்டடத்தின் அறைவாசல்கள் அடுத்ததன் முதுகைப் பார்க்கும். ஒருவன் முகம் இன்னொருவனுக்குத் தெரியக்கூடாது என்று கணக்குப் பார்த்துக் கட்டியிருக்கிறார்கள். இப்போது மிஞ்சியிருப்பவை மூன்றுதான். ஆனாலும் அடைபட்டவர்களின் பெயர்களைக் கல்லில் பொறித்து வைத்திருக்கிறார்கள். போகிறவர்கள் அங்கேதான் அதிக நேரம் நிற்கவேண்டும் என்பேன்.

எங்கள் ஊருக்கு வருகிறேன். 1983 யூலை 25, 27ஆந் திகதிகளில் கொழும்பு வெலிக்கடைச் சிறையில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். உயிர் தப்பியவர்களை மட்டக்களப்புச் சிறைக்குக் கொண்டுவந்தார்கள். செப்டெம்பர் 23 இரவு அவர்கள் காவலர்களை மடக்கிவிட்டு வெளியேறினார்கள். அவர்களோடு வேறு வழக்குகளில் இருந்தவர்களும் போனார்கள். இந்த ஊரில் அந்த இரவைப் பற்றிக் கேள்விப்படாத பெரியவர்கள் குறைவு.

இந்த மறியலும் ஒருநாள் வெறுமையாகும். சீட்டு வாங்கிக்கொண்டு ஆட்கள் வருவார்கள். அன்றைக்கு அந்த ஓர் இரவை மட்டும் சொல்லி அனுப்பிவிடுவார்களோ என்றுதான் எனக்குப் பயம். அபராதம் கட்டக் காசில்லாமல் உள்ளே போனவனும், வாசலில் சோற்றுப் பொட்டலத்தோடு காத்து நின்ற தாயும் கதையில் வரவேண்டாமா? சுவர் இருக்கும். மனிதர்கள்தான் போய்க்கொண்டிருக்கிறார்கள். 1983இல் இருபது வயதுக்காரருக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. கட்டடம் காலியாகும்வரை பொறுத்திருக்காமல், சிறைப் பதிவேடுகளைப் பத்திரப்படுத்தவேண்டும். உள்ளே இருந்தவர்கள், காவலுக்கு நின்றவர்கள் இரண்டு பேரின் வாய்மொழியையும் இப்போதே பதியத் தொடங்கவேண்டும்.