ஆஸ்துமாவும் ஐந்து மணி நேரப் பாடமும்

குழந்தைகளின் ஆஸ்துமாவைக் கட்டுக்குள் வைக்கும் மருந்துகள் பல பத்தாண்டுகளாகக் கடையில் கிடைக்கின்றன. எதை எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதும் டாக்டர்களுக்குத் தெரிந்ததுதான். அப்படியிருந்தும், நடு ராத்திரியில் மூச்சு இழுக்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடும் பெற்றோர் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். டாக்டரின் அறைக்கும் வீட்டுக்கும் நடுவில் எங்கோ சிகிச்சை நின்றுவிடுகிறது.

எங்கே நிற்கிறது என்று பார்க்க, நோயைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். ஆஸ்துமாவில் மூச்சுக்குழாயின் உட்சுவர் நாள்பட்டு வீங்கியிருக்கும். சளி, தூசி, புகை, குளிர்காற்று என்று ஏதாவது ஒன்று தூண்டினால் குழாய் சுருங்கி இழுப்பு வரும். சுருங்கிய குழாயை உடனே விரிப்பது சால்புடமால் போன்ற மருந்து. வீக்கத்தையே குறைப்பது மூச்சோடு இழுக்கும் ஸ்டீராய்டு. இந்த இரண்டாவது மருந்தை, குழந்தை ஓடியாடி நன்றாக இருக்கும் நாளிலும் தினமும் கொடுக்க வேண்டும். சிக்கல் இங்கேதான். நன்றாக இருக்கும் பிள்ளைக்கு எதற்கு மருந்து என்று வீட்டில் நிறுத்திவிடுகிறார்கள். நம் ஊரில் இதோடு இன்னொரு பயமும் சேர்ந்துகொள்கிறது: "இன்ஹேலர் வச்சா பழகிடும், அப்புறம் விடவே முடியாது." ஆஸ்துமா என்ற பெயரைச் சொன்னால் குடும்பம் கலங்கிவிடும் என்று நினைத்து, 'வீசிங்' என்றோ 'அலர்ஜி' என்றோ சொல்லி சிரப் எழுதிக் கொடுக்கும் டாக்டர்களும் உண்டு. இன்ஹேலரின் ஒரு பஃப்பில் இருக்கும் சால்புடமால் 100 மைக்ரோகிராம். 5 மி.லி. சிரப்பில் இருப்பது 2 மில்லிகிராம், அதாவது இருபது மடங்கு. அது வயிற்றுக்குப் போய், ரத்தத்தில் கலந்து, கை நடுக்கத்தையும் படபடப்பையும் கூட்டிக்கொண்டுதான் நுரையீரலுக்குப் போய்ச் சேருகிறது.

இதை மாற்றும் வழிகளில் ஒன்று டாக்டர்களுக்கான பயிற்சி. இந்திய டாக்டர்கள் ஐந்து ஆண்டுகளுக்குக் குறைந்தது 30 மணி நேரம் தொடர் மருத்துவக் கல்வி பெற வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிகள் சொல்கின்றன. அந்த நேரத்தை எப்படிச் செலவிடுகிறோம் என்பதுதான் முக்கியம். அரங்கில் உட்கார்ந்து உரையை மட்டும் கேட்டால் டாக்டர்கள் நோயாளியைப் பார்க்கும் விதம் பெரிதாக மாறுவதில்லை, பங்கெடுத்துப் பேசி, செய்து பார்க்கும் பயிற்சிதான் மாற்றுகிறது என்று டொராண்டோவின் டேவ் டேவிஸ் குழு 1999இல், முந்தைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து எழுதியது.

குழந்தைகளின் ஆஸ்துமாவில் இதைச் செய்து காட்டியவர் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இருந்த நோரீன் கிளார்க். நோயாளிகள் தங்கள் நோயைத் தாங்களே எப்படிக் கையாளுகிறார்கள் என்பதை ஆராய்வதே அவருடைய துறை. அவரும் சக ஆய்வாளர்களும் 1990களில் குழந்தை மருத்துவர்களுக்காக உருவாக்கிய பயிற்சிக்கு 'பேஸ்' என்று பெயர். இரண்டு அமர்வுகள், ஒவ்வொன்றும் இரண்டரை மணி நேரம். மருந்துகளைப் பற்றிய சிறு உரை அதில் இருந்தது. ஆனால் பெரும்பகுதி, பெற்றோரிடம் எப்படிப் பேசுவது என்பதற்கே போனது. நல்ல டாக்டர் ஒருவர் குடும்பத்தோடு பேசும் வீடியோவைப் பார்ப்பார்கள், தங்கள் பேச்சைத் தாங்களே மதிப்பிடுவார்கள், நோயாளிகளின் கதைகளை எடுத்து அலசுவார்கள்.

முதல் பாடம், பயத்தைக் கேட்டு வாங்குவது. "இந்த மருந்தைப் பத்தி உங்களுக்கு என்ன பயம்மா?" என்று டாக்டர் கேட்டால்தான், "ஸ்டீராய்டுன்னா வளர்த்தி நின்னுடும்னு மாமியார் சொல்றாங்க, டாக்டர்" என்ற பதில் வெளியே வரும். கேட்காவிட்டால் அம்மா தலையாட்டிவிட்டுப் போவார், மருந்து அலமாரியில் தூங்கும். அந்தப் பயத்துக்கு உண்மையான பதிலும் இருக்கிறது. வட அமெரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு ஒன்றில், பூடெசொனைடு என்ற ஸ்டீராய்டைச் சில ஆண்டுகள் தினமும் இழுத்தவர்கள் பெரியவர்களானபோது மற்றவர்களைவிடச் சராசரியாக 1.2 செ.மீ. உயரம் குறைந்திருந்தார்கள். ஒன்றுமே ஆகாது என்று மூடி மறைப்பதைவிட, இந்த எண்ணைச் சொல்லி, கட்டுப்படாத ஆஸ்துமா செய்யும் கெடுதலைப் பக்கத்தில் வைத்துக் காட்டுவதே நேர்மை.

இரண்டாவது பாடம், எழுதிக் கொடுப்பது. தினமும் எந்த மருந்து, இருமல் கூடினால் எதைக் கூட்டுவது, எப்போது காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவது என்று ஒரே தாளில் இருக்க வேண்டும். விலா எலும்புகளுக்கு நடுவே சதை உள்வாங்கினாலோ, ஒரு வாக்கியம் பேசி முடிக்கக் குழந்தை திணறினாலோ, உதடு நீலம் பூத்தாலோ உடனே கிளம்ப வேண்டும்.

இந்தப் பயிற்சியைச் சோதித்த ஆய்வு 1998இல் வெளியானது. 74 டாக்டர்கள் அதில் கலந்துகொண்டார்கள். பயிற்சி பெறாதவர்களோடு ஒப்பிட்டால், பயிற்சி பெற்றவர்கள் பெற்றோரின் பயங்களைப் பேசித் தீர்ப்பதும் எழுதிக் கொடுப்பதும் கூடியது. அவர்கள் பார்த்த குழந்தைகள் டாக்டரிடம் போக வேண்டிய தடவைகள் குறைந்தன. எல்லாக் குழந்தைகளையும் சேர்த்துப் பார்த்தால் அவசர சிகிச்சைக்குப் போவதில் வேறுபாடு தெரியவில்லை. ஸ்டீராய்டு இன்ஹேலர் புதிதாகத் தொடங்கிய குழந்தைகளிடம் மட்டும் அதுவும் குறைந்தது. மருந்தும் பேச்சும் ஒன்றுசேர்ந்த இடத்தில் பலன் கூடுதல் என்றே இதை நான் படிக்கிறேன். இன்னொரு விஷயம்: நோயாளிக்குக் கூடுதல் நேரம் செலவாகவில்லை என்றும் அந்த டாக்டர்கள் சொன்னார்கள். கூட்டம் நெரியும் நம் கிளினிக்குகளுக்கு இது மிகவும் பொருந்தும். பின்னாளில் அமெரிக்காவின் வேறு பகுதிகளிலும் ஆஸ்திரேலியாவிலும் இதே பயிற்சியை நடத்திப் பார்த்தார்கள்.

டாக்டர்களுக்கான எந்தப் பயிற்சியிலும் கையால் செய்து பழகும் பகுதி ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும் என்பேன். ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குடுவையை எடுத்துக்கொள்ளுங்கள். இன்ஹேலரைக் குலுக்கி அதில் பொருத்தி, சின்னப் பிள்ளை என்றால் மாஸ்க்கை மூக்கும் வாயும் மூடும்படி இடைவெளியில்லாமல் வைத்து, ஒரே ஒரு பஃப் அழுத்த வேண்டும். குழந்தை ஐந்தாறு தடவை சாதாரணமாக மூச்சு விட்ட பிறகு, மறுபடி குலுக்கிவிட்டுத்தான் அடுத்தது. அவசரத்தில் இரண்டையும் சேர்த்து அழுத்துவது பலரும் செய்யும் தவறு. குடுவையைச் சோப்புத் தண்ணீரில் கழுவினால் துணியால் துடைக்கக் கூடாது. துடைத்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏறி, மருந்து சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். தானாக உலரவிட வேண்டும். ஸ்டீராய்டு இழுத்த பின் வாய் கொப்பளிக்க வேண்டும்.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது இன்ஹேலரையும் ஸ்பேசரையும் பையில் எடுத்துப் போங்கள். "நாங்க வீட்ல வைக்கிற மாதிரியே வச்சுக் காட்டுறோம், சரியான்னு பாருங்க டாக்டர்" என்று கேளுங்கள்.