கிறிஸ்துமஸ் விருந்துக்கு வான்கோழி: வாங்குவோரும் வளர்ப்போரும் கவனிக்க வேண்டியவை

மார்கழி பிறந்து பத்து நாட்களுக்குள் கிறிஸ்துமஸ் பண்டிகை வந்துவிடுகிறது. கடலூர், மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர் ஆகிய இடங்களிலும், வடக்கே புதுச்சேரியிலும் உள்ள கிறிஸ்தவக் குடும்பங்களிற் சில, அன்றைய விருந்துக்கு வான்கோழியைத் தேடுகின்றன. தெற்கே சிதம்பரம், புவனகிரிப் பக்கத்துக் கிராமங்களில் அதை வளர்க்கத்தக்க கொல்லைப்புறமும் மேய்ச்சலும் இருக்கின்றன. ஆயினும் வாங்குகிறவர் விலை அதிகமென்கிறார். வளர்க்கிறவர் தீனிச் செலவுகூடக் கட்டவில்லை என்கிறார். இருவர் சொல்வதும் மெய்யே. கடைசி வாரத்தில் அவசரமாய் வாங்குவதாலும், ஒற்றை ஒற்றையாய் விற்பதாலும் நேர்கிற நஷ்டம் இது.

சில வருஷங்களுக்கு முன் நானும் டிசம்பர் 23-ந் தேதி மாலையில் ஒரு சேவலை நிறுத்து வாங்கினேன். அறுத்துப் பார்த்தபோது தீனிப்பை நிறைய ஊறிய தானியமும் நீரும் இருந்தன. அவ்வளவுக்கும் இறைச்சி விலை கொடுத்திருந்தேன். கறியோ வெகுநேரம் வெந்தும் பல்லுக்கு இசையவில்லை. ஊரார் சங்கத்துக் கணக்கையெல்லாம் தணிக்கை செய்கிறவன், தன் கையில் வாங்கிய பறவையைத் தடவிப் பார்க்கத் தவறினேன்.

வான்கோழி அமெரிக்காக் கண்டத்துப் பறவை. மெக்ஸிக்கோ தேசத்தார் பழக்கி வளர்த்ததை ஸ்பானியர் பதினாறாம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோயினர். நம் நாட்டில், 1612-ல் கோவாவிலிருந்து ஜஹாங்கீர் சக்கரவர்த்தியின் சமூகத்துக்கு வந்த வான்கோழியை அவருடைய ஓவியர் மன்சூர் வரைந்தார். அரண்மனை வேடிக்கையாக இருந்த இதை இன்று குடியானவரும் வளர்க்கலாம். நம் மாகாணத்துச் சீதோஷ்ணத்துக்கு ஏற்றதாக, நாட்டுக் கருப்பு வான்கோழியையும் பெல்ட்ஸ்வில் சிறிய வெள்ளை இனத்தையும் கலந்து உண்டாக்கிய ‘நந்தனம் வான்கோழி-1’ என்னும் வகையும் இருக்கிறது.

வாங்குகிறவர் முதலில் வயதைப் பார்க்க வேண்டும். இளம் பறவையின் காற்செதில் வழுவழுப்பாகவும், சேவலின் கால்முள் சிறிதாகவும் மிருதுவாகவும் இருக்கும்; மார்பெலும்பின் பின்முனை விரலால் அழுத்தினால் வளையும். முள் நீண்டு கடினப்பட்டு, செதில் சொரசொரத்திருந்தால் அது கிழப் பறவை. மார்பின் இருபுறமும் சதை திரண்டிருக்க வேண்டும். எலும்பு கத்திபோல் கைக்குத் தட்டுப்படலாகாது. முந்தின இரவு முதல் தீனி நிறுத்தி, தண்ணீர் மாத்திரம் கொடுத்த பறவையையே காலையில் நிறுக்கச் சொல்லுங்கள்.

விலையிலும் ஒரு மயக்கம் உண்டு. உயிர் எடையில் ஏறக்குறைய முக்கால் பங்குதான் இறைச்சியாகக் கிடைக்கும். உதாரணமாக, உயிர் எடை கிலோ 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 8 கிலோச் சேவல் 2,400 ரூபாய். கிடைப்பது 6 கிலோ. ஆகவே இறைச்சி கிலோ 400 ரூபாயாகிறது. சுத்தம் செய்து விற்பவர் கேட்கும் விலையை இத்துடன் ஒப்பிட வேண்டும். ஆளுக்கு அரைக் கிலோ வீதம் பார்த்தால் 4 அல்லது 5 கிலோப் பெட்டையே ஆறேழு பேருக்குப் போதும். பெரிய சேவல்தான் வேண்டுமென்பவர்கள் இரண்டு வீட்டாராகச் சேர்ந்து வாங்கிப் பங்கிட்டுக்கொள்ளலாம். முழுதாய்ச் சுடும் அடுப்பு நம்மிற் பலரிடம் இல்லை. துண்டாக்கிக் குழம்பு வைக்கிறவருக்குப் பறவையின் அளவைப்பற்றிக் கவலையேது?

வளர்ப்பவர் கணக்கு ஆனி மாதத்துக்கு முன்பே துவங்குகிறது. முட்டை பொரிய 28 நாளாகும். 24 வாரத்தில் சேவல் 7, 8 கிலோவும், பெட்டை 4, 5 கிலோவும் வரும். டிசம்பர் 24-லிருந்து பின்னோக்கி எண்ணினால் ஜூலை 9-ல் குஞ்சு வெளிவர வேண்டும். ஜூன் 11-ல் அடைவைக்க வேண்டும். இதில் வேறொரு அனுகூலமும் உண்டு. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை நம் ஜில்லாவில் இறங்குவதற்குள் குஞ்சுகள் மெலிந்த பருவத்தைத் தாண்டிவிடும். 2015 நவம்பர் வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு மேடான கொட்டகையும் உலர்ந்த தரையும் வேண்டுமென்று சொல்லத் தேவையில்லை.

முதல் வாரம் குஞ்சுக்கு 95 டிகிரி பாரன்ஹீட் சூடு வேண்டும். பிறகு வாரம் 5 டிகிரி குறைத்துக்கொண்டே போகலாம். வான்கோழிக் குஞ்சு தானாகத் தின்னக் கற்பது மெல்லத்தான். பசியாலேயே பல சாகின்றன. பத்துக் குஞ்சுக்கு ஓர் அவித்த முட்டை வீதம் நசுக்கி, முதல் பதினைந்து நாள் ஊட்டுங்கள். வளர்ந்த பின் கீரை, புல், கரையான், நத்தை, சமையற்கட்டுக் கழிவு ஆகியவற்றை மேய்வதால் தீனிச் செலவு வெகுவாய்க் குறையும். நாட்டுக் கோழியோடு ஒரே இடத்தில் விடலாகாது. கோழிக்கு அதிகத் தொந்தரவு செய்யாத கருந்தலை நோய் வான்கோழிக் கூட்டத்தையே வாரிக்கொண்டு போய்விடும். ராணிக்கட்டு நோய்க்கும் அம்மைக்கும் கால்நடை மருத்துவரிடம் தடுப்பூசி கேட்டுப் போடவும்.

இனி சங்கத்தின் வேலை. இங்கிலாந்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொழிலாளிகள், வாரந்தோறும் சில்லறை கட்டி, கிறிஸ்துமஸுக்கு வாத்துப் பெறும் சங்கங்களை நடத்தினார்கள். ராச்டேல் நெசவாளிகள் தங்கள் பண்டகசாலையைத் திறந்ததும் 1844 டிசம்பர் 21-ல், பண்டிகைக்கு நான்கு நாள் முன்னதாகத்தான். தீபாவளிச் சீட்டு நமக்குத் தெரியாததன்று. அதே முறையில் வான்கோழிச் சீட்டும் நடத்தலாம். சங்கத்தின் துணைவிதிகளில் இடமுண்டா என்று முதலில் பார்த்து, நிர்வாக சபையில் தீர்மானம் எழுதி, மே மாதத்திலேயே வேண்டுவோர் பெயரைப் பதிவு செய்க. மாதக் கட்டணம் ரசீதுடன் சங்கத்தில் சேரட்டும். அதில் பாதிக்கு மேற்படாமல் தீனிக்காக வளர்ப்பவருக்கு முன்பணம் கொடுக்கலாம். மிச்சம் பறவையை நிறுத்தபின். முட்டையெல்லாம் பொரிவதில்லை, பொரித்ததெல்லாம் பிழைப்பதுமில்லை. ஆகையால் பதிவானதற்கு மேல் அடைவைக்க வேண்டும். செத்துப்போனதற்கு யார் பொறுப்பு என்பதைத் தீர்மானத்திலேயே எழுதாவிட்டால் டிசம்பரில் சண்டை நிச்சயம். மிஞ்சிய பறவைகளைக் காராமணிக்குப்பம் வாரச்சந்தையில் விற்கலாம்.

ஒப்படைக்கும் நாள் டிசம்பர் 22 ஆக இருக்கட்டும். காலைக் கட்டித் தலைகீழாய்த் தொங்கவிட்டு பஸ்ஸில் ஏற்றினால் மார்புச் சதை கன்றிப்போகும். காற்றோட்டமுள்ள கூடையில் ஒன்றிரண்டாய் அனுப்பவும். முத்திரையிட்ட தராசில், வளர்த்தவரும் வாங்குபவரும் நேரில் நிற்க, காரியதரிசி எடையைப் புத்தகத்தில் பதிந்து இருவர் கையெழுத்தையும் வாங்க வேண்டும்.