கல்லூரியை நடத்தும் ஊர்க்காரர்கள்

கலிஃபோர்னியாவில் ஒரு சமுதாயக் கல்லூரிக்குப் புதுக் கட்டடம் வேண்டுமென்றால், கடன் பத்திரம் வெளியிட்டுப் பணம் திரட்டுவதற்கு அந்த வட்டாரத்து வாக்காளர்களிடம் சம்மதம் வாங்க வேண்டும். மூன்றில் இரண்டு பங்குப் பேர் ஆதரித்தால்தான் ஆயிற்று என்பது பழைய விதி. 2000-ஆம் ஆண்டு மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய 39-ஆம் முன்மொழிவு, 55 சதவீதம் போதும் என்று அதைத் தளர்த்தியது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. இப்படித் திரட்டிய பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்க்க ஒரு குடிமக்கள் கண்காணிப்புக் குழு இருந்தாக வேண்டும். குறைந்தது 7 பேர். அவர்களில் ஒருவர் உள்ளூர் வணிகர் அமைப்பைச் சேர்ந்தவர், ஒருவர் மூத்த குடிமக்கள் சங்கத்துக்காரர், ஒருவர் வரி செலுத்துவோர் சங்கத்தில் இருப்பவர், ஒருவர் அதே கல்லூரியில் படிக்கும் மாணவர், இன்னொருவர் கல்லூரியின் அறக்கட்டளையிலோ ஆலோசனைக் குழுவிலோ பாடுபடுகிறவர். கல்லூரியில் வேலை பார்ப்பவர்கள், கல்லூரிக்குச் சரக்கு கொடுப்பவர்கள், ஒப்பந்தக்காரர்கள் யாரும் அதில் உட்கார முடியாது. சம்பளமும் கிடையாது.

ஒரு குழுவில் என்னென்ன பின்னணி உள்ளவர்கள் இருக்க வேண்டும் என்பதைச் சட்டமே இவ்வளவு நுணுக்கமாக எழுதி வைப்பது அபூர்வம். அதற்கு வலுவான காரணம் இருக்கிறது. ஓய்வூதியத்தில் வாழும் பெரியவர், இந்தக் கடனை அடைக்கச் சொத்து வரி ஏறுவதை முதலில் உணர்கிறவர். கடைக்காரருக்குச் சிமென்ட் விலையும் கூலியும் தெரியும். மாணவருக்குத்தான் எந்தக் கட்டடத்தில் மழை ஒழுகுகிறது என்பது தெரியும். கணக்குப் புத்தகம் ஒன்றுதான். அதைப் படிக்கும் கண்கள் வேறு வேறாக இருக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் சமுதாயக் கல்லூரி என்பது வீட்டுக்குப் பக்கத்தில், குறைந்த கட்டணத்தில், பெரும்பாலும் இரண்டாண்டுப் படிப்பு தரும் பொதுக் கல்லூரி. பள்ளி முடித்த எவரும் சேரலாம். வேலை போனவர் புதுத் தொழில் கற்கலாம். ஆங்கிலம் தெரியாமல் வந்திறங்கியவர் மொழி கற்கலாம். பணமில்லாத மாணவர் இரண்டாண்டு இங்கே படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டுக்குப் போகலாம். கலிஃபோர்னியாவில் மட்டும் 116 கல்லூரிகள், அவற்றை நிர்வகிக்கும் 73 கல்லூரி மாவட்டங்கள், ஏறத்தாழ 20 லட்சம் மாணவர்கள்.

இத்தனைக்கும் தொடக்கம் சிகாகோவுக்குத் தென்மேற்கே ஜோலியட் என்ற தொழில் நகரில், 1901-இல். ஆறே மாணவர்கள். அதைத் தொடங்கிய இருவரின் பின்னணியும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதது. ஜே. ஸ்டான்லி பிரவுன் உள்ளூர் உயர்நிலைப் பள்ளியின் தலைவர். படித்து முடித்த பிள்ளைகள் மேலே படிக்க வழியில்லாமல் நிற்பதைத் தினமும் பார்த்தவர். வில்லியம் ரெய்னி ஹார்ப்பர் ஹீப்ரு அறிஞர். பத்து வயதில் கல்லூரியில் சேர்ந்து, பதினான்கில் பட்டம் வாங்கி, இருபது வயதாவதற்குள் யேல் பல்கலைக்கழகத்தில் முனைவரானவர்; பின்னர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் முதல் தலைவர். நான்காண்டுப் பட்டப் படிப்பை முதல் இரண்டு, கடைசி இரண்டு என்று பிரித்துவிடலாம் என்ற யோசனை ஹார்ப்பருடையது. அந்த முதல் இரண்டை ஊரிலேயே கொடுத்துவிடலாம் என்று செய்து காட்டியவர் பிரவுன். பண்டிதரின் திட்டமும் வாத்தியாரின் ஆதங்கமும் சேர்ந்ததில் பிறந்த கல்லூரி இன்றும் நடக்கிறது.

நாடு முழுவதற்குமான கொள்கையாக அது மாறியது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு. 1946-இல் அதிபர் ட்ரூமன் உயர்கல்விக்காக ஒரு குழு அமைத்தார். தலைவர் ஜார்ஜ் ஜூக், கல்வித் துறையில் பழம் தின்று கொட்டை போட்டவர். உறுப்பினர்களில் தத்துவப் பேராசிரியர் ஹொரேஸ் காலன், யூத மதகுரு ஸ்டீஃபன் வைஸ், பத்திரிகையாளர் ஆக்னஸ் மேயர், வேளாண் படிப்புக்குப் பெயர்போன கான்சாஸ் மாநிலக் கல்லூரியின் தலைவராக இருந்த மில்ட்டன் ஐசன்ஹோவர் ஆகியோர் இருந்தார்கள். பள்ளிக்கு அடுத்த இரண்டாண்டுப் படிப்பும் கட்டணமில்லாமல் எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்று 1947-இல் அந்தக் குழு சொன்னது. அதுவரை ‘ஜூனியர் காலேஜ்’ என்றே பரவலாக வழங்கியதை ‘சமுதாயக் கல்லூரி’ என்று அழைக்கும் வழக்கத்தைப் பரப்பியதும் அந்த அறிக்கைதான்.

இனி, கல்லூரியை ஆளும் குழுவுக்கு வருவோம்.

பல மாநிலங்களில் சமுதாயக் கல்லூரிக்கு ஓர் அறங்காவலர் குழு உண்டு. கலிஃபோர்னியாவிலும் இல்லினாயின் பெரும்பகுதியிலும் அதன் உறுப்பினர்களை மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். சிகாகோ நகரக் கல்லூரிகளுக்கு மேயர் நியமிக்கிறார். ஃபுளோரிடாவில் ஆளுநர். முறை எதுவானாலும் வேலை ஒன்றுதான்: கல்லூரித் தலைவரை நியமிப்பது, தேவைப்பட்டால் நீக்குவது, பட்ஜெட்டுக்கு ஒப்புதல் தருவது, கொள்கை வகுப்பது. வகுப்பறைக்குள் போய் அதிகாரம் செய்வது அவர்கள் வேலை அல்ல.

உறுப்பினர்களுக்கு இன்ன படிப்பு, இன்ன தொழில் என்று நிபந்தனை இல்லை. வக்கீல், ஓய்வுபெற்ற ஆசிரியர், செவிலியர், காப்பீட்டு முகவர், தொழிற்சங்கக்காரர் என்று யார் வேண்டுமானாலும் நிற்கலாம். கலிஃபோர்னியாவில் ஒரு தடை மட்டும் தெளிவாக இருக்கிறது: ஒரு மாவட்டத்தின் ஊழியர் அதே மாவட்டத்தின் அறங்காவலராகப் பதவி ஏற்க வேண்டுமானால் வேலையை விட்டுவிட வேண்டும். தன் சம்பளத்துக்குத் தானே கையெழுத்துப் போடக் கூடாதல்லவா! ஓய்வுபெற்ற பேராசிரியருக்கோ பக்கத்து மாவட்டத்தில் பாடம் நடத்துகிறவருக்கோ இந்தத் தடை இல்லை.

லாஸ் ஏஞ்சலிஸ் சமுதாயக் கல்லூரி மாவட்டத்தின் முதல் தேர்தலைப் பார்த்தால், எப்படிப்பட்டவர்கள் வருகிறார்கள் என்பது விளங்கும். அந்நகரின் கல்லூரிகள் 1969 வரை பள்ளிக் கல்வி வாரியத்தின் கீழ் இருந்தன. அந்த ஆண்டு தனி மாவட்டமாகப் பிரிந்து ஏழு பேர் கொண்ட குழுவுக்குத் தேர்தல் நடந்தபோது நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் களத்தில் நின்றார்கள். முதலிடத்தில் வந்தவர் 31 வயது வக்கீல் ஜெர்ரி பிரவுன். ஜோலியட் பிரவுனுக்கும் இவருக்கும் உறவில்லை. இவர் கலிஃபோர்னிய ஆளுநராக இருந்த பாட் பிரவுனின் மகன். இளவயதில் இயேசு சபைத் துறவியாகப் பயிற்சி பெற்று, பாதியில் வெளியேறிச் சட்டம் படித்தவர். அதே தேர்தலில் ஜெயித்த மைக் ஆன்டனோவிச் பள்ளி ஆசிரியர், அரசியலில் எதிர் முகாம். துறவுப் பயிற்சி பெற்ற வக்கீலும் பள்ளி ஆசிரியரும் ஒரே மேசையில் உட்கார்ந்து கல்லூரிச் செலவுகளை விவாதித்தார்கள்.

அந்த மேசை பிரவுனுக்கு முதல் படி. 1975-இல் ஆளுநர் ஆனார். 2011-இல் மறுபடியும் ஆனார். அந்த இரண்டாம் சுற்றில், 2014-இல், சமுதாயக் கல்லூரிகளே நான்காண்டுப் பட்டம் தரலாம் என்று சோதனை முறையில் அனுமதித்த சட்டத்தில் கையெழுத்திட்டது அவர்தான். அவருடைய தந்தை 1960-இல் கையெழுத்திட்ட உயர்கல்விப் பெருந்திட்டமோ, பட்டம் தருவதைப் பல்கலைக்கழகங்களுக்கு விட்டு, இரண்டாண்டுப் படிப்போடு இந்தக் கல்லூரிகளை நிறுத்தியிருந்தது. தகப்பன் போட்ட கோட்டை மகன் கொஞ்சம் நகர்த்தினார். கல்லூரி மேசையில் உட்கார்ந்த அனுபவம் அதற்கு எவ்வளவு உதவியது என்று அளந்து சொல்ல முடியாது. ஆனால் மாநில அரசியலில் இக்கல்லூரிகளை உள்ளிருந்து அறிந்த ஒருவர் மேலே வந்திருந்தார் என்பது சின்ன விஷயமில்லை.

அறங்காவலர் குழுக் கூட்டம் ஒன்று எப்படி நடக்கிறது? வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்னதாக நிகழ்ச்சி நிரலை எல்லோரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். பொதுமக்கள் வந்து பேச நேரம் ஒதுக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் இது சட்டம். நிரலின் நடுவே ‘ஒப்புதல் பட்டியல்’ என்று ஒரு பகுதி வரும். புதிய நியமனங்கள், ராஜினாமாக்கள், கொள்முதல், சிறு ஒப்பந்தங்கள், மாணவர் சுற்றுலா எல்லாம் அதில் அடங்கும். மொத்தமாக ஒரே வாக்கெடுப்பில் தாண்டிவிடலாம். யாராவது ஓர் உறுப்பினர் ‘இதைத் தனியாக எடுங்கள்’ என்றால் அந்த ஓர் இனம் மட்டும் விவாதத்துக்கு வரும்.

உறுப்பினரின் தொழில் வெளிப்படுவது இந்த இடத்தில்தான். கட்டுமானத் துறையில் இருந்தவர், வேலை நடக்கும்போது செலவு கூடிவிட்டதாக ஒப்பந்தக்காரர் நீட்டும் கூடுதல் பில்லைத் தனியாக எடுக்கச் சொல்வார். அஸ்திவாரம் தோண்டியபோது பாறை வந்ததா, வரைபடத்திலேயே பிழையா என்று கேட்க அவருக்குத்தான் தெரியும். ஆசிரியராக இருந்தவர் நியமனப் பட்டியலில் பகுதி நேர விரிவுரையாளர்கள் எத்தனை பேர் என்று எண்ணுவார். மருத்துவமனையில் வேலை பார்த்தவர், செவிலியர் படிப்பில் இடங்களைக் கூட்டும் தீர்மானம் வந்தால், நோயாளிகளுடன் பயிற்சி பெற எந்த மருத்துவமனை இடம் தரச் சம்மதித்திருக்கிறது என்று கேட்பார். அந்த இடம் இல்லாமல் வகுப்பறையில் நாற்காலியைக் கூட்டிப் பயனில்லை.

அதே அனுபவத்தில் ஆபத்தும் இருக்கிறது. கட்டடத் தொழில் தெரிந்தவருக்குக் கட்டடக்காரர்களோடு பழக்கமும் இருக்கும். அதனால்தான் தமக்குப் பண ஆதாயமுள்ள ஒப்பந்தத்தை முடிவு செய்வதில் பங்கேற்கக் கூடாது என்று கலிஃபோர்னியச் சட்டம் தடுக்கிறது. சொத்து, வருமானம், முதலீடு பற்றி ‘படிவம் 700’ என்ற தாளில் அறிவிக்கவும் சொல்கிறது. அந்தத் தாளை ஊரில் யாரும் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். தேர்தல் சுவரொட்டியில் இருக்கும் சுயவிவரத்தைவிட இந்தத் தாள் எத்தனையோ மடங்கு பயனுள்ளது.

குழுவின் சொல்லே கடைசிச் சொல் என்பதும் இல்லை. 1988-இல் கலிஃபோர்னியச் சட்டமன்ற உறுப்பினர் ஜான் வாஸ்கன்செலஸ் கொண்டுவந்த சட்டம், பாடத்திட்டம், மதிப்பெண் முறை போன்றவற்றில் ஆசிரியர் பேரவையின் கருத்துக்கு முதலிடம் தரச் செய்தது. ஊழியர்களும் மாணவர்களும் முடிவெடுப்பதில் பங்கு பெறவும் வழி செய்தது. காப்பீட்டு முகவர் ஒருவர் கணிதப் பாடத்திட்டத்தைத் திருத்தும் நிலை வராமல் இருப்பது இதனால்தான்.

அறங்காவலர்கள் தேர்ந்தெடுக்கும் தலைவர்களின் பாதை வேறு மாதிரி. எடுவார்டோ பத்ரோன் 1961-இல் பதினைந்து வயதில் பெற்றோர் இல்லாமல் கியூபாவிலிருந்து வந்தவர். மயாமி டேட் ஜூனியர் கல்லூரியில் மாணவராகச் சேர்ந்து, பொருளாதாரத்தில் முனைவராகி, அதே கல்லூரிக்கு 1995 முதல் 2019 வரை தலைவராக இருந்தார். 2016-இல் அமெரிக்காவின் உயரிய குடிமக்கள் விருதான அதிபரின் சுதந்திரப் பதக்கம் பெற்றார். எலாய் ஓர்ட்டிஸ் ஓக்லி ராணுவத்தில் நான்காண்டு இருந்துவிட்டு கோல்டன் வெஸ்ட் கல்லூரியில் சேர்ந்தவர்; 2016-இல் கலிஃபோர்னியச் சமுதாயக் கல்லூரிகள் அனைத்துக்கும் சான்சலர் ஆனார். சேர்க்கைப் படிவத்தில் எந்தக் கேள்வியில் மாணவர் திகைத்து நிற்பார் என்பது இவர்களுக்கு அனுபவப் பாடம்.

இன்று அந்தச் சான்சலர் நாற்காலியில் இருப்பவர் நமக்குப் பக்கத்து ஊர்க்காரர். சோன்யா கிறிஸ்டியன் கேரளத்தின் கொல்லத்தில் பிறந்து, கேரளப் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்து, அமெரிக்கா போய் மேற்படிப்பு முடித்தவர். 1991-இல் பேக்கர்ஸ்ஃபீல்டு கல்லூரியில் கணித ஆசிரியராகச் சேர்ந்தார். எண்ணெய்க் கிணறுகளும் திராட்சைத் தோட்டங்களுமான வட்டாரம் அது. 2013-இல் அதே கல்லூரியின் தலைவர். பிரவுன் கையெழுத்திட்ட 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் முதலில் அனுமதி பெற்ற 15 கல்லூரிகளில் பேக்கர்ஸ்ஃபீல்டும் ஒன்று. தொழிற்சாலைத் தானியக்கத்தில் பட்டப் படிப்பைத் தொடங்கியது. 2023-இல் கிறிஸ்டியன் மாநிலச் சான்சலர் ஆனார். சமுதாயக் கல்லூரி மாணவர்களில் பலர் கால் தடுக்கி விழும் பாடம் கணக்கு. அந்தப் பாடத்தைக் கரும்பலகையில் நடத்திய ஒருவர் மேலே இருப்பதை நல்ல தேர்வு என்றே சொல்ல வேண்டும்.

நம் பக்கத்திலும் இந்த விதை விழுந்திருக்கிறது. 1995-இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் சமுதாயக் கல்லூரி ஒன்றைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு சென்னையில் சென்னை-மயிலை உயர்மறைமாவட்டத்தின் முயற்சியில் இன்னொன்று. இயேசு சபை அருட்தந்தை சேவியர் அல்போன்ஸ் இந்த முறையைத் தமிழகத்திலும் வெளியிலும் பரப்பப் பல ஆண்டுகள் உழைத்தார். பாடத்தை வகுக்கும்போதே உள்ளூர்த் தொழில் நிறுவனங்களை உட்கார வைப்பது இந்தக் கல்லூரிகளின் அடிப்படை. ஆனால் இங்கே நிர்வாகிகளை ஊர் தேர்ந்தெடுப்பதில்லை. அவர்கள் யார், எந்தத் தொழிலிலிருந்து வந்தவர்கள் என்று மாணவரின் பெற்றோர் கேட்டுத் தெரிந்துகொள்ளும் பழக்கமும் இன்னும் வளரவில்லை. கேட்கத் தொடங்கலாம்.

கலிஃபோர்னியாவிலும் இல்லினாயிலும் அறங்காவலர் மேசையின் ஓரத்தில் இன்னொரு நாற்காலி உண்டு. மாணவர்கள் தேர்ந்தெடுத்து அனுப்பும் மாணவர் உறுப்பினருடையது அது. கலிஃபோர்னியாவில் குழு அனுமதித்தால் அவர் தீர்மானத்தை முன்மொழியலாம், வழிமொழியலாம்; ஆனால் அவருடைய வாக்கு கணக்கில் சேராது. ஓராண்டுப் பதவி. பட்ஜெட்டைப் படித்துப் புரிந்துகொள்வதற்குள் பாதி ஆண்டு போய்விடும். மீதியில் அடுத்த பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் போட வேண்டும். கல்லூரிக் கட்டணத்தைத் தன் பையிலிருந்து கட்டிவிட்டு, அதே வாரம் கட்டண விவாதத்தில் உட்காருகிறவர் அந்த மேசையில் அவர் ஒருவர்தான். அவருடைய வாக்கையும் எண்ணினால் என்ன குறைந்துவிடும்?