தலைமை நாற்காலியில் யார்?

அலங்காநல்லூர் வாடிவாசலில் ஒரு காளையை அவிழ்க்க வேண்டுமென்றால் கால்நடை மருத்துவரின் தகுதிச் சான்று வேண்டும், ஆன்லைனில் பதிய வேண்டும், டோக்கன் கைக்கு வர வேண்டும். மாடுபிடி வீரருக்கும் மருத்துவப் பரிசோதனை உண்டு. இதையெல்லாம் விரல்நுனியில் வைத்திருக்கும் ஊர்க்காரர்கள், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் போகும்போது அங்கே தலைமை நாற்காலியில் இருப்பவரின் தகுதி என்ன என்று கேட்பதே இல்லை. பீஸ் எவ்வளவு, வேன் வருமா என்ற இரண்டு கேள்வியோடு வேலை முடிந்துவிடுகிறது.

அமெரிக்காவின் பல மாநிலங்களில் பள்ளி முதல்வராக மாநில அரசு தரும் தனி உரிமம் வேண்டும். இங்கிலாந்தில்கூட 2009 முதல் 2012 வரை, புதிதாகத் தலைமையாசிரியர் ஆகிறவருக்கு அதற்கென்றே ஒரு தகுதிச் சான்று கட்டாயமாக இருந்தது. நம்மிடம் ஆளுக்கு அப்படித் தனி உரிமம் கிடையாது. அரசு அங்கீகாரம் கொடுப்பது பள்ளிக்குத்தான். தலைமைக்கு வருகிறவரின் தகுதி, ஆசிரியராக அவர் சேர்த்துவைத்த படிப்பும் அனுபவமும்தான்.

அரசுத் தொடக்கப் பள்ளியில் ஹெச்.எம். ஆக, ஆசிரியர் பட்டயப் படிப்போடு இடைநிலை ஆசிரியராகச் சேர்ந்து பணிமூப்பில் மேலே வர வேண்டும். உயர்நிலைப் பள்ளிக்குப் பட்டமும் பி.எட்.டும், மேல்நிலைப் பள்ளிக்கு முதுகலையும் பி.எட்.டும் அடிப்படை. கல்வித்துறை நிர்வாகம், கணக்கு ஆகியவற்றில் டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் துறைத் தேர்வுகளும் இருக்கின்றன. அலுவலர் பக்கம் போக விரும்பும் இளைஞர்களுக்கு நேரடி வழியும் உண்டு. வட்டாரக் கல்வி அலுவலர் பணிக்கு ஆசிரியர் தேர்வு வாரியமும், மாவட்டக் கல்வி அலுவலர் பணிக்கு டி.என்.பி.எஸ்.சி.யும் தேர்வு நடத்துகின்றன.

இதில் இப்போது பெரிய சிக்கல் டெட். ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை பாடம் நடத்த ஆசிரியர் தகுதித் தேர்வு (டெட்) கட்டாயம் என்று தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் (என்.சி.டி.இ.) 2010 ஆகஸ்டில் அறிவித்தது. தமிழ்நாட்டில் முதல் தேர்வு 2012-இல் நடந்தது. அதற்கு முன்பே பணியில் சேர்ந்தவர்களுக்கும் பதவி உயர்வுக்கு டெட் வேண்டுமா என்ற வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தைக் கடந்து உச்ச நீதிமன்றம் வரை போனது. 2025 செப்டம்பர் 1-இல் தீர்ப்பு வந்தது: ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு ஆண்டுக்குள் டெட் தேற வேண்டும், இல்லாவிட்டால் பணியைவிட்டுப் போக வேண்டும். ஐந்து ஆண்டுக்குள் ஓய்வு பெறுகிறவர்கள் டெட் இல்லாமல் தொடரலாம், ஆனால் பதவி உயர்வு கிடையாது. சிறுபான்மைப் பள்ளிகள் பற்றிய கேள்வி மட்டும் பெரிய அமர்வுக்குப் போயிருக்கிறது. தமிழ்நாடு அரசு மறுசீராய்வு மனு போட்டது. இருபத்தைந்து ஆண்டு பாடம் நடத்திய டீச்சரை மறுபடி தேர்வறையில் உட்கார வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் மனுவை நம்பிப் புத்தகத்தை மூடிவைப்பது ஆபத்து. படித்துக்கொண்டே போராடுங்கள்.

தனியார் பள்ளிக்கு வந்தால் நாற்காலி இரண்டாகிவிடும். தாளாளர், அதாவது கரஸ்பாண்டன்ட், பள்ளியை நடத்தும் அறக்கட்டளையின் ஆள். பி.எட். இருக்க வேண்டியது முதல்வருக்கு. பெற்றோர் பலர் இந்த இருவரையும் ஒருவராகவே நினைத்துக்கொள்கிறார்கள். காகிதத்தில் தகுதியுள்ள ஒருவர் பெயர், அறைக்குள் முடிவெடுப்பது வேறொருவர் என்றால் அங்கேதான் வினை தொடங்குகிறது.

வினை என்பது வெறும் பேச்சில்லை. 2004 ஜூலை 16-இல் கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் கருகினார்கள். பத்து ஆண்டு கழித்துத் தஞ்சாவூர் நீதிமன்றம் தண்டித்த பத்துப் பேரில் பள்ளி நிறுவனர், தாளாளராக இருந்த அவர் மனைவி, தலைமை ஆசிரியை, சத்துணவு அமைப்பாளர், கல்வித்துறை ஊழியர்கள் எல்லோரும் இருந்தார்கள். நமக்குப் பக்கத்திலேயே, 2025 ஏப்ரல் இறுதியில் மதுரை கே.கே. நகரில் ஒரு மழலையர் பள்ளியில் நான்கு வயதுக் குழந்தை தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்து இறந்தது. அந்தப் பள்ளிக்குச் சீல் வைத்தார்கள், நிர்வாகியைக் கைது செய்தார்கள். எல்லாம் குழந்தை போன பிறகு.

அதனால் முன்கூட்டியே கேட்க வேண்டியது அங்கீகார ஆணை. அது நடப்பில் இருக்கிறதா, எந்த வகுப்பு வரை, எந்த ஆண்டு வரை என்று பாருங்கள். அதற்குப் பின்னால் நான்கு தாள் இருக்க வேண்டும்: தாசில்தார் தரும் கட்டட உரிமம் (அலங்காநல்லூருக்கு வாடிப்பட்டி), பொறியாளரின் கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, சுகாதாரச் சான்று. அங்கீகாரம் இல்லாமல் பள்ளி நடத்தினால் கல்வி உரிமைச் சட்டப்படி ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். அதற்குமேலும் நடத்தினால் நாளொன்றுக்குப் பத்தாயிரம் வரை.

தலைமை நாற்காலியில் இருப்பவருக்குச் சட்டம் சில கடமைகளையும் விதித்திருக்கிறது. எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளை வேறு பள்ளிக்கு மாறக் கேட்டால் டி.சி.யை உடனே தர வேண்டும். டி.சி. வரவில்லை என்று அரசுப் பள்ளி சேர்க்கையை மறுக்கக் கூடாது. பீஸ் பாக்கியை டி.சி.யில் எழுதும் பழக்கத்தையும் சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் கண்டித்தது. பிள்ளையை அடிக்கக் கூடாது. ஆரம்ப வகுப்புச் சேர்க்கைக்குத் தேர்வு வைக்கக் கூடாது, நன்கொடை கேட்கக் கூடாது. நன்கொடை வாங்கினால் அதைப்போல் பத்து மடங்கு வரை அபராதம். தனக்குக் கீழ் வேலை செய்பவர் பிள்ளைக்குப் பாலியல் தொல்லை கொடுத்ததாகத் தெரிந்தும் பள்ளியின் பெயர் கெடும் என்று போலீசில் சொல்லாமல் மறைத்தால், போக்சோ சட்டப்படி அந்த நிறுவனத் தலைவருக்கே ஓராண்டு வரை சிறை.

புகாரை வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். தனியார் பள்ளிகளுக்கென்றே மாவட்டக் கல்வி அலுவலர் தனியாக இருக்கிறார். அவருக்கு மேல் மதுரை முதன்மைக் கல்வி அலுவலர். அசையாவிட்டால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டம் இருக்கிறது. கூடுதல் கட்டணம் என்றால் சென்னையிலுள்ள தனியார் பள்ளிகள் கட்டண நிர்ணயக் குழுவுக்கு எழுதலாம். பள்ளிக் கல்வித்துறை உதவி எண் 14417, குழந்தைக்கு ஆபத்து என்றால் 1098. அரசுப் பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்தான். கூட்டத்துக்குப் போகாமல் டீக்கடையில் குறை சொல்வதில் பயனில்லை.

ஹெச்.எம். நாற்காலிக்கு ஆசைப்படும் இளம் ஆசிரியர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. மூன்று மாதத்தில் 'பள்ளி நிர்வாகப் பட்டயம்' என்று நோட்டீஸ் ஒட்டுகிறார்கள். அந்தக் காகிதம் பி.எட்.டுக்கு ஈடாகாது. எந்தக் கல்லூரியில் சேர்வதானாலும் என்.சி.டி.இ. அங்கீகாரமும் பல்கலைக்கழக இணைப்பும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். பதவி வாங்கித் தருகிறேன் என்று வருகிற ஏஜென்டிடம் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

மறுபடி பெற்றோருக்கு: பள்ளியில் கேட்டும் அங்கீகார ஆணையைக் காட்ட மறுத்தால், பத்து ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு மனுப் போடுங்கள். முதல்வரின் சான்றிதழ் நகலைக் கேட்டால் தனிநபர் விவரம் என்று மறுக்க வாய்ப்புண்டு. ஆகவே பள்ளியின் அங்கீகார ஆணையையும் அந்த நான்கு சான்றுகளின் நகலையும் கேளுங்கள். முப்பது நாளுக்குள் பதில் வர வேண்டும். மே மாதச் சேர்க்கைக்கு மார்ச்சிலேயே மனுவை அனுப்பிவிடுங்கள்.