ஆண்டிறுதித் தள்ளுபடியின் கணக்கு

“பெரிய அங்காடிகள் ஆண்டிறுதியில் துணிகளைப் பாதி விலைக்குத் தருகின்றனவே, நம் சங்கம் ஏன் தரலாகாது?” என்று அங்கத்தினர் பலர் நம்மிடம் வினவுவதுண்டு. வினா நியாயமானதே. விடையைக் கணக்கில் காண்போம்.

அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்து வணிகர் ஜான் வானமேக்கர், 1878 ஜனவரியில் படுக்கை விரிப்பு முதலிய வெள்ளைத் துணிகளை விலை குறைத்து விற்றார். கிறிஸ்துமஸ் கழிந்து வாணிகம் மந்தமாகும் மாதம் அது. தேங்கிய சரக்கு இடத்தை அடைக்கும். அதில் முடங்கிய பணத்திற்கு வட்டியும் ஏறும். பிற அங்காடிகளும் இவ்வழியைப் பின்பற்றலாயின.

ஓர் அங்காடி, 600 ரூபாய் அடக்கமுள்ள 100 விரிப்புகளை 1,000 ரூபாய் வீதம் விற்பதாகக் கொள்வோம். 70 விரிப்புகள் முழு விலைக்கும், எஞ்சிய 30 பாதி விலைக்கும் விற்றால் வரவு 85,000 ரூபாய். அடக்கம் 60,000 போக 25,000 மிஞ்சும். தள்ளுபடிக்கு இடம் முதல் விலையிலேயே இருந்தது.

நம் சங்கத்தில் அதே விரிப்பின் அடக்கம் 900 ரூபாயாயின், அதே விற்பனையில் 5,000 ரூபாய் நட்டம். அது நெசவாளர் கூலியையும் பங்கு மூலதனத்தையுமே அரிக்கும். அரசு ஈடுசெய்யும் பண்டிகைக்காலத் தள்ளுபடி இதனின் வேறு.

ஆகவே அங்கத்தினர்களே, இருப்புப் பதிவேட்டை மாதந்தோறும் நோக்குங்கள். விலைபோகாத வகையின் நெசவை உடனே குறையுங்கள். தேங்காத சரக்கிற்குத் தள்ளுபடி வேண்டுவதில்லை.